வாஷிங் மெஷினுக்குப் பின்னால்

உங்கள் அறை ஃபேன் கரகரவென்று சத்தம் போடுகிறது. பேரிங் தேய்ந்திருக்கும். பேச்சு முடிந்ததும் ஓர் ஏணி கொடுத்தால் பார்த்துத் தருகிறேன். இந்த மாதிரி சத்தம் கேட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது.

அக்கா வீட்டில் டிரிப் சுவிட்ச் முதல்முறை விழுந்தது தானாகத்தான். கரண்ட் எங்காவது கசிந்தால், வீட்டையே இருட்டாக்கி ஆளைக் காப்பாற்றுகிற சுவிட்ச் அது. கசிவு எங்கே என்று அது சொல்லாது. நாம்தான் தேட வேண்டும். எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ஒவ்வோர் அறையாக ஆன் செய்ய வேண்டும். நான் போர்டு முன்னால் நின்றேன். அக்கா அறை அறையாகப் போய்க் குரல் கொடுத்தாள்.

"ஹால் எரியுது தம்பி. அடுத்ததைப் போடு."

"தள்ளி நில்லுக்கா."

"நீ இருக்கும்போது எனக்கென்னடா பயம்?"

அன்றைய குற்றவாளி ஒரு பழைய அயர்ன் பாக்ஸ். அதைத் தூக்கிப் போட்டோம். டீ போட்டுக் கொடுத்தாள். பொழுது சாயும்வரை சிரித்துச் சிரித்துப் பேசினோம். அவள் கல்யாணமாகிப் போன பிறகு அப்படி ஒரு நாள் எனக்கு வாய்க்கவே இல்லை. என் அறைக்குத் திரும்பியதும் இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றியது. போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். அவள் கூப்பிடவில்லை.

அடுத்த வாரம் சும்மா பார்க்கப் போகிற மாதிரி போய், வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இருந்த பிளக் பாயின்ட்டைக் கழற்றி, ஒரு வயரின் தோலைக் கொஞ்சம் சீவிவிட்டேன். துவைத்துத் தரை ஈரமானால் சுவிட்ச் விழும். விழுந்தால் கூப்பிடுவாள். கூப்பிட்டாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். நானும் அந்த இடத்தை விட்டுவிட்டு வீடு முழுக்கத் தேடினேன்.

அக்கா வீட்டுக்காரருக்குத்தான் பொறுமை போயிற்று.

"மச்சான், நீ சரிப்பட்டு வரமாட்ட. நாளைக்கு வேற ஆளைக் கூட்டிட்டு வர்றேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தொழில் தெரிந்த எவன் வந்தாலும், சீவிய வயரைப் பார்த்ததும் புரிந்துகொள்வான்.

டேப் சுற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சுற்றியிருக்கலாம், சின்ன வேலைதான். சுற்றிவிட்டால் பிறகு என்னை எதற்குக் கூப்பிடுவார்கள்? அதனால் வயரை அப்படியே விட்டுவிட்டு, டிரிப் சுவிட்சைத் தாண்டி லைனை நேராகக் கொடுத்தேன். இனி கரண்ட் கசிந்தாலும் அது விழாது. அவர் கோபம் ஆறியதும் பழையபடி மாற்றிக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. "சரியாயிடுச்சு மாமா" என்றேன். அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

சுவிட்ச் விழவில்லை. போனும் வரவில்லை. வயரிங் வேலைக்குப் போன வீடுகளிலும் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். பிறகு ஒருநாள் அக்காவே பேசினாள்.

"தம்பி, மெஷினைத் தொட்டா சுருக்குனு இழுக்குதுடா. வந்து பாரேன்."

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அன்றைக்கே ஓடினால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். "செருப்புப் போட்டுக்கிட்டு நில்லுக்கா. ஞாயித்துக்கிழமை வர்றேன். நாள் முழுக்க இருந்து பார்க்கலாம்" என்றேன்.

சனிக்கிழமை துவைத்திருக்கிறாள். செருப்புப் போட்டுத்தான் நின்றாள். என் பேச்சைத் தட்டவே மாட்டாள். செருப்பும் நனைந்திருந்தது.

அக்காவைக் கொன்றது நான்தான். மறுக்கவில்லை, வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவள் விழுந்ததும் மாமா முதலில் கூப்பிட்டது டாக்டரை இல்லை, என்னைத்தான். அதையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.