இதமான வெயிலில் வெற்றி மாநாடு

அந்த ஏசியைக் கொஞ்சம் குறைத்தால் தேவலை ஐயா, எனக்குச் சட்டென்று சளி பிடித்துவிடும். ரொம்ப நன்றி. இனி நிதானமாகச் சொல்கிறேன்.

எங்கள் பத்திரிகையில் முதல் பக்கம் என் பொறுப்பு. பூமி சூடாகிறதா இல்லையா என்பதும் அதில் அடக்கம். வெளியில் இருப்பவர்கள் இதை ஏதோ விஞ்ஞானம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்களுக்கு அது ரொம்ப எளிது. நமக்கு வேண்டிய கட்சி எதிர்க்கட்சியாக இருந்தால் பூமி கொதிக்கும். ஆளுங்கட்சியாக வந்துவிட்டால் ஆறிவிடும்.

எதிர்க்கட்சிக் காலத்தில் வாராவாரம் 'கொதிக்கும் பூமி' என்று ஒரு முழுப் பக்கமே போட்டோம். தலைப்பில் தீப்பிடித்த உருண்டை. வாசகர்கள் கதிகலங்கிப் போனார்கள். தேர்தலில் நம்மவர்கள் ஜெயித்தார்கள். மறு வாரமே அந்தப் பக்கம் 'வீட்டுத் தோட்டம்' ஆனது. உருண்டையை வீணாக்குவானேன் என்று ஓவியர் தீயை அழித்துவிட்டு ஒரு காம்பு வரைந்தார். அருமையான தக்காளி. எதிர்த் தெருப் பத்திரிகையைப் பெரிய யோக்கியன் என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்து வருடம் தோட்டம் போட்டுக்கொண்டிருந்தவர்கள், தோற்ற மறுநாள் பூமிக்குத் தீ வைத்தார்கள்.

நிபுணர் ஒருவர் வேண்டுமே, அவரும் இருந்தார். மீன் வளர்ப்பில் ஓய்வுபெற்ற பேராசிரியர். ஆட்சி மாறியதும் நான் கூப்பிட்டபோது அவரே ஆரம்பித்தார்.

"தம்பி, இனிமே சூடா, ஆறலா?"

"ஆறல் சார்."

"நல்லதாப் போச்சு. சூடு சொல்லிச் சொல்லி எனக்கே வேர்த்துப் போச்சுப்பா."

விஷயத்துக்கு வருகிறேன். வெற்றி மாநாட்டுக்கு முந்தின நாள் மாலை ஐந்து மணி. வானிலை அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. நாளை நாற்பத்தாறு டிகிரி. பகல் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை யாரும் திறந்தவெளியில் நிற்க வேண்டாம், உயிருக்கு ஆபத்து. அச்சிட்டு எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போனேன்.

"எவ்வளவுய்யா?"

"நாற்பத்தாறு சார்."

"நம்ம மாநாடு எத்தனை மணிக்கு?"

"பன்னிரண்டு மணிக்கு. மைதானத்துல."

"அப்ப நாற்பத்தாறு வேணாம்."

"வேற எவ்வளவு போடட்டும் சார்?"

"ஜனங்க வர்ற அளவுக்குப் போடு."

அதைச் சொல்லிவிட்டு, காலியாக இருந்த இணை ஆசிரியர் அறையை ஒரு பார்வை பார்த்தார். கதவு வைத்த அறை ஐயா அது. பதினெட்டு வருடமாக நான் நடைபாதையில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறேன்; போகிற வருகிறவன் இடுப்பெல்லாம் என் காதில் இடிக்கும்.

அரை மணியில் பக்கத்தை முடித்தேன். 'இதமான வெயிலில் இன்று வெற்றி மாநாடு.' கீழே பெட்டிச் செய்தி: 'கூட்டத்தைக் கலைக்க வெயில் பூச்சாண்டி. எதிரிகளின் சதி அம்பலம்.' அதற்குக் கீழே, வெயில் எலும்புக்கு உரம் என்று பேராசிரியர். மீனுக்கு எத்தனை எலும்பு என்பது அவருக்குத்தானே தெரியும். இணைப்பாக ஓர் அட்டைத் தொப்பியும் கொடுத்தோம். எதிர்த் தெருக்காரன் நாற்பத்தாறைக் கொட்டை எழுத்தில் போட்டான். உண்மையைப் போட்டதுகூட எங்கள்மேல் உள்ள எரிச்சலில்தான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அலுவலகத்துக்கு அத்தானின் போன். என் அக்காவின் வீட்டுக்காரர், தையல்காரர். என் முதல் வேலைக்கு அளவே எடுக்காமல் சட்டை தைத்துக் கொடுத்தார், கச்சிதமாக இருந்தது. அறுபத்திரண்டு வயது, ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை போடுகிறவர்.

"மாப்ளே, அவன் நாற்பத்தாறுங்கிறான், உங்காளு இதமான வெயில்ங்கிறான். எவன் சொல்றதைக் கேக்குறது?"

"உங்க மாப்ளே எந்தப் பேப்பர்ல அத்தான் வேலை பாக்குறான்?"

"அது சரி." சிரித்தார். "உங்க அக்கா வேற போகாதங்கிறா. உன்னைக் கேட்டுட்டுப் போறேன்னு சொன்னேன். போகலாம்ல?"

"தாராளமாப் போங்க. தொப்பி இருக்குல்ல?"

"இருக்கு, இருக்கு. காது வரைக்கும் எறங்குது. எந்தப் புண்ணியவான் அளவெடுத்தானோ."

அவரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அத்தான் கடை எப்படிப்பட்டது தெரியுமா? ஒருவர் காதில் விழுந்தால் ஊசியில் நூல் கோப்பதற்குள் தெரு முழுக்கப் பரவிவிடும். 'பத்திரிகைக்காரனே போகாதேன்னு சொல்லிட்டான்' என்று ஒரு பேச்சு கிளம்பினால் அது மதியத்துக்குள் ஆசிரியர் காதுக்கு வந்திருக்கும். அவ்வளவுதான் காரணம். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது.

முப்பத்தேழு பேர். மருத்துவமனை ஒட்டிய இறந்தவர்கள் பட்டியலில் அத்தான் இருபத்திரண்டாவது. மறுநாள் முதல் பக்கமும் நான்தான் செய்தேன், 'ஆனந்தம் தாங்காமல் மயங்கிய தொண்டர்கள்' என்று. மதியம் கதவு வைத்த அறையின் சாவியை ஆசிரியரே என் கையில் கொடுத்தார், தோளில் தட்டினார்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் அழவில்லை. "வெயிலா இருக்குடான்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த மனுஷன் போயிருக்க மாட்டாருடா" என்று மட்டும் சொன்னாள். உண்மைதான். அவர் யார் பேச்சையும் கேட்க மாட்டார், என் பேச்சைத் தவிர.

ஆமாம் ஐயா, எனக்குத் தெரியும். அத்தானோடு பேசும்போது வானிலை அறிவிப்பு நாலாக மடித்து என் சட்டைப் பையில்தான் இருந்தது. அதை வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் திருத்திவிடுங்கள். எனக்குப் பருவநிலை மாற்றத்தில் நம்பிக்கையே கிடையாது என்று எதிர்த் தெருப் பத்திரிகை எழுதியிருக்கிறது. சுத்த அவதூறு. அன்றைக்கு என் மகள் மாமாவோடு மாநாடு பார்க்கப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். காலை ஆறு மணிக்கே ஜன்னலுக்கெல்லாம் ஈரத் துணி கட்டி, அவளையும் அவள் அம்மாவையும் உள்ளே வைத்து வெளியே பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டுதான் நான் வேலைக்குக் கிளம்பினேன்.