தொண்ணூறு மாத்திரை

— அந்த மசாலா டப்பாவுல என்னக்கா வச்சீங்க? அத மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் எனக்கு வேணாம்.

— என்ன ரோகிணி, வந்ததும் வராததுமா... மசாலாப் பொடிதான்மா. எம் புள்ள யூனுசுக்கு வறுத்து அரைச்சுக் குடுத்துவிட்டது. நீயும் பக்கத்துல நின்னு பார்த்தியே.

— மேலாக்கப் பார்த்தது பொடிதேன். அடியில?

— மொதல்ல இப்பிடி உக்காரு. வெயில்ல ஓடியாந்து மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கெடக்கு. ஒரு டம்ளர் தண்ணி குடி.

— தண்ணி வேணாம். எங்க வீட்டுக்காரரு வெளிநாட்டுல போயி எறங்குன ஏர்போர்ட்டுலயே புடிபட்டு இன்னையோட அஞ்சு நாளாச்சு. எதுக்குப் புடிச்சாங்கன்னு கம்பெனிக்காரனுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. இன்னைக்கிக் காலையிலதேன் ஒரே ஒரு நிமிசம் போன் பேச விட்டாங்க. புள்ள பள்ளிக்கூடம் போனாளான்னு கூட கேக்கல அந்த மனுசன். 'மெஹரு அக்கா குடுத்த டப்பாவப் பத்திக் கேளு'ன்னாரு. லைன் கட்டாயிருச்சு.

— தங்கச்சி, பதறாதீங்க. நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. எங்க லாத்தாவுக்கு ஏற்கனவே பிரஷர். நீங்க போலீஸ் மாதிரி இப்பிடி நின்னு விசாரிச்சா...

— சிராஜ் அண்ணே, நீங்க எப்ப வந்தீங்க? ஆரப்பாளையத்துல டிக்கெட் ஆபீசத் தொறக்குற நேரத்துல, வில்லாபுரத்துல உங்க அக்கா வீட்டுல உக்காந்துருக்கீங்க. அப்ப உங்களுக்கும் விசயம் தெரியும்.

— எனக்கு என்ன தெரியும்? சும்மா லாத்தாவப் பார்த்துட்டுப் போகலாம்னு...

— அண்ணே, அந்த ஊருத் தமிழ்ச் சங்கத்துல மலையாண்டின்னு ஒருத்தரு இருக்காரு. கேசுல மாட்டுற நம்ம ஆளுகளுக்கு ஓடியாடி ஒத்தாசை பண்றவரு. இப்ப அவருகிட்ட பேசிட்டுத்தேன் வாரேன். பொடிக்கு அடியில பிளாஸ்டிக் கவரு. கவருக்குள்ள மாத்திரை. அட்டை இல்ல, பேரு இல்ல, டாக்டர் சீட்டு இல்ல. எண்ணிப் பார்த்தா தொண்ணூறு. இதெல்லாம் எனக்கு இப்பத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டுத்தேன் கேட்டேன். அக்கா வாயால வரட்டும்னு கேட்டேன்.

— யா அல்லா...

— என்ன மாத்திரைக்கா அது?

— லாத்தா, நீங்க ஒண்ணும் பேசாதீங்க. ஒரு வக்கீலப் பார்த்து, அவரு என்ன சொல்றாருன்னு...

— இருடா சிராஜு. அவ கண்ணப் பார்த்து இதுக்கு மேல என்னால மறைக்க முடியாது. தூக்கத்துக்கு உள்ள மாத்திரைம்மா. படபடப்பு அடங்குறதுக்கும் அதான். யூனுசுக்கு.

— யூனுசு தம்பிக்கா? நல்லாத்தானே இருந்தாரு.

— வெளிய பார்க்கத்தான் நல்லா இருந்தான். போன வருசம் சாரத்துலேர்ந்து ஒரு பையன் விழுந்து செத்தான்ல? உன் வீட்டுக்காரரு கூடச் சொல்லியிருப்பாரு. எம் புள்ளை கை எட்டுற தூரத்துல நின்னுருக்கான். புடிக்கக் கைய நீட்டிருக்கான், சட்டை மட்டும் கையில சிக்கிக் கிழிஞ்சிருக்கு. அன்னையிலேர்ந்து தூக்கம் இல்ல. கண்ண மூடுனா அந்தச் சத்தம் கேக்குதும்மாங்கிறான். லீவுல வந்தப்ப மனசு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். மாத்திரை போட்டதுக்கு அப்புறந்தான் மனுசனா நடமாடுனான்.

— சரி. அத ஏன் பொடிக்குள்ள பொதைச்சீங்க?

— கொண்டுபோன மாத்திரை தீர்ந்துபோச்சுன்னு அழுதான். டாக்டரு வீடியோவுல அவன்கிட்ட பேசிட்டு, திரும்ப மூணு மாசத்துக்கு எழுதிக் குடுத்தாக. உன் வீட்டுக்காரரு லீவு முடிஞ்சு கெளம்புறாரேன்னு...

— அக்கா, நான் கேட்டது அது இல்ல. எங்ககிட்ட சொல்லிக் குடுத்திருந்தா வேணாம்னா சொல்லியிருப்போம்? அவரு பிரஷர் மாத்திரையும் அதே பையிலதேன் இருந்துச்சு. அட்டையோட, டாக்டர் லெட்டரோட. அத வாங்கிப் பார்த்துட்டு, சரின்னு அவரு கையிலயே குடுத்துட்டாங்களாம். உங்க கவர உருவின பெறகுதேன் ஆள உக்கார வச்சிருக்காங்க.

— அட்டையோட குடுத்தா நீங்க பேரப் பார்ப்பீக. என்ன மாத்திரைன்னு மெடிக்கல்ல கேப்பீக. நாலு பேருக்குத் தெரியும். பசுமலையில பொண்ணு பேசி முடிச்சிருக்கோம்ல, ஆயிஷா சித்திகா, அந்தப் புள்ளை வீட்டுக்குக் காதுல விழுந்தா என்ன சொல்லுவாக? மாப்பிள்ளை பைத்தியத்துக்கு மாத்திரை திங்கிறான்னு சொல்லமாட்டாகளா? நிக்காஹுக்கு ரெண்டு மாசந்தான் இருக்கு. அதுக்குத்தான் ஒவ்வொண்ணா அட்டையிலேர்ந்து பிதுக்கி எடுத்தேன்.

— உங்க மகன் கல்யாணம் நிக்கக் கூடாதுன்னு எம் புருசன் தலையில வச்சு அனுப்பிட்டீங்க.

— அல்லா மேல சத்தியமா இப்பிடி ஆகும்னு நெனைக்கல ரோகிணி. மாத்திரைதானேன்னு நெனைச்சேன். நோவுக்குத் திங்கிற மாத்திரை. அதுக்குப் போயி ஒருத்தர உள்ள வைப்பாகன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?

— தெரியாமச் செஞ்சீங்க, சரி. அவரு புடிபட்ட பெறகு தெரியும்ல? நாலு நாளா இந்த வீட்டுல, இந்தா இதே எடத்துல, உங்க மடியில தலைய வச்சு அழுதேனேக்கா. எதுக்குப் புடிச்சாங்கன்னே தெரியலையேன்னு பொலம்புனேனே. நீங்க என் தலையக் கோதிவிட்டுக்கிட்டே இருந்தீங்க. அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

— ஒவ்வொரு தடவையும் சொல்லணும்னுதான் வாயெடுத்தேன். உன் மகளத் தூக்கிட்டு வருவ. அந்தப் புள்ளை மொகத்தப் பார்த்ததும் நாக்கு எழும்பல.

— தங்கச்சி, நடந்தது நடந்துபோச்சு. இனிமே என்ன செய்யலாம்னு பார்ப்போம். நான் டிராவல்ஸ் வச்சிருக்கவன், இந்த மாதிரி எம்புட்டோ கேஸ் காதுல விழுந்திருக்கு. நம்ம தூதரகத்துக்கு ஒரு மெயில் போடுவோம். அவங்க பார்த்துக்குவாங்க.

— அதுக்கெல்லாம் நேரம் இல்லண்ணே. நாளைக்கி அவர அதிகாரி முன்னாடி நிறுத்துறாங்க. மலையாண்டி அண்ணன் ரெண்டே விசயம் கேட்டாரு. மாத்திரை யாருக்கு உள்ளதுன்னு பேரு. அந்தப் பேருல டாக்டர் எழுதுன சீட்டு. ரெண்டும் இன்னைக்கே போயிருச்சுன்னா, நோயாளிக்குக் கொண்டுவந்த மருந்துன்னு பேசிப் பார்க்கலாமாம். இல்லாட்டி ஒளிச்சுக் கொண்டுவந்த சரக்குதேன். கடத்தல் கேசு. வருசக்கணக்குல உள்ள கெடக்கணும்னாரு.

— உன் வீட்டுக்காரரு அசோக்குமாரு இன்னும் பேரு சொல்லலையா?

— சொல்லல. அஞ்சு நாளா, ஊருல ஒரு வீட்டுல குடுத்தாங்க, உள்ள இருந்தது எனக்குத் தெரியாதுங்கிறத மட்டுந்தேன் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்காரு. யாரு வீட்டுலன்னு அதட்டிக் கேட்டும் வாயத் தொறக்கல. பேரச் சொன்னா யூனுசு தம்பியத் தூக்கிருவாங்களாம். என்ன ஏதுன்னு தெரியாம ஒரு பையன மாட்டிவிடக் கூடாதாம். மலையாண்டி அண்ணன்கிட்ட அப்பிடிச் சொல்லியிருக்காரு. உங்ககிட்ட கேக்காம உங்க மகன் பேர அவரு சொல்லமாட்டாருக்கா.

— யா ரஹ்மானே...

— அந்தச் சீட்டக் குடுங்க. யூனுசு பேரச் சொல்லிக்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அம்புட்டுத்தேன்.

— அதெப்பிடித் தங்கச்சி? அந்தப் பேரு போன அடுத்த நிமிசம் அவனப் புடிப்பாங்க. இங்க பாருங்க, வேற வழி யோசிப்போம். மாத்திரை எனக்குத்தான், தூக்கம் வர்றதில்லன்னு உங்க வீட்டுக்காரரே சொல்லிட்டா என்ன? எப்பிடியும் உள்ளதான இருக்காரு.

— சிராஜ் அண்ணே, உங்க மச்சான் உள்ள இருந்தா இப்பிடிச் சொல்லுவீங்களா? அவருக்கு எந்த டாக்டரு எழுதிக் குடுத்தாரு? பொய்ச் சீட்டுன்னு தெரிஞ்சா இன்னொரு கேசு சேரும்.

— ஒரு யோசனைக்குத்தான் சொன்னேன்.

— உங்க யோசனை உங்ககிட்டயே இருக்கட்டும். அக்கா, சீட்டு எங்க?

— பீரோவுல குர்ஆன் பக்கத்துல வச்சிருக்கேன். சிராஜு, அந்தப் பச்சைக் கவர எடு.

— லாத்தா...

— எடுடா. பேரச் சொல்றது அப்புறம். சீட்ட அவ பார்க்கவாவது பார்க்கட்டும்.

— அது இல்ல லாத்தா. நேத்து நீங்க தொழுதுக்கிட்டு இருந்தப்ப எடுத்துக் கிழிச்சிட்டேன். கக்கூசுல போட்டுத் தண்ணி ஊத்திட்டேன்.

— என்னடா சொல்ற?

— யாராவது விசாரிக்க வந்தா வீட்டுல ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னுதான். யூனுசுக்காகத்தான் செஞ்சேன்.

— அடப் பாவி! யாரக் கேட்டுடா செஞ்ச?

— விடுங்கக்கா. கத்த நேரம் இல்ல. ஆஸ்பத்திரியில பதிவு இருக்கும். டாக்டர் கையால திரும்ப ஒண்ணு எழுதி, சீல் வச்சு வாங்கிருவோம். பத்து மணிக்கெல்லாம் டாக்டரு வந்துருவாருல்ல? ஆட்டோவ வாசல்லயே நிறுத்தி வச்சிருக்கேன். தாய் வந்து கேட்டாத்தேன் குடுப்பாங்க, நான் கேட்டாக் குடுக்க மாட்டாங்க. வாங்க.

— நான் வரல ரோகிணி.

— என்ன?

— என்னால முடியாது. என்னைய வாய்க்கு வந்தபடி பேசு, வாங்கிக்கிறேன். ஆனா எங் கையாலயே எம் புள்ளை பேர எழுதிக் குடுக்கச் சொல்லாத. அவன் ராத்திரி வெளக்க அமத்தினாலே ஒடம்பு நடுங்குறவன். அவன அந்த ரூமுக்குள்ள போட்டுப் பூட்டுனா உசுரோட வருவானா? உன் வீட்டுக்காரருக்குத் தெம்பு இருக்கு. தாங்குவாரு.

— தெம்பு இருந்தா? செய்யாத தப்புக்கு உள்ள கெடக்கணுமா?

— தப்புதான். நான் சொல்றது பாவம்னு எனக்கே தெரியுது. மறுமையில இதுக்குப் பதில் சொல்லணும்னும் தெரியுது. இருந்தாலும் முடியல.

— யூனுசு தம்பி என்ன சொல்லுறாரு? அவருக்கு விசயம் தெரியுமா?

— தெரியும். முந்தாநாளே போன் பண்ணான். 'அசோக்குமார் அண்ணன்கிட்ட சொல்லிட்டுத்தான் குடுத்தியாம்மா? சீட்டும் சேர்த்து வச்சியா?'ன்னு கேட்டான். அவன் அப்பிடித்தான் குடுத்துவிடச் சொல்லியிருந்தான். நான்தான் செய்யல. இல்லப்பான்னேன். நீ வாயத் தொறக்காத, ரூம விட்டு வெளிய வராத, போன ஆப் பண்ணி வைன்னு சத்தியம் வாங்கிக்கிட்டேன்.

— அவரு அஞ்சு நாளா உங்க மகனுக்காக வாய மூடிக்கிட்டு இருக்காரு. நீங்க உங்க மகன் வாய மூடிட்டீங்க. நல்லாருக்குக்கா.

— ரோகிணி, எங்க போற? நில்லும்மா!

— எனக்கும் வேற வழி இல்ல. மலையாண்டி அண்ணன்கிட்ட நானே பேரச் சொல்லிக்கிறேன். சீட்டு இல்லாட்டியும் பேராவது போகட்டும். அவரு என்னையத் திட்டினாலும் பரவாயில்ல.

— தங்கச்சி, ஒரு நிமிசம். உங்க போன் அடிக்குது பாருங்க.

— அவருதேன். மலையாண்டி அண்ணன்... ஆங், சொல்லுங்கண்ணே, ரோகிணிதேன் பேசுறேன். நானே கூப்புடணும்னு இருந்தேன். அந்தப் பேரு வந்து... என்னது? இன்னொரு தடவ சொல்லுங்க. நெசமாவா? எப்பண்ணே?

— என்னம்மா? என்ன சொல்றாக?

— விட்டுட்டாங்களாம்க்கா! அவர வெளிய விட்டுட்டாங்களாம்! பாஸ்போர்ட்ட மட்டும் வாங்கி வச்சுக்கிட்டு, கம்பெனி ஆளு கூட அனுப்பிட்டாங்களாம்!

— அல்ஹம்துலில்லாஹ்! அல்லா கண்ணத் தொறந்துட்டான். எம் மேல இருந்த பாறாங்கல்ல எறக்கிட்டான்.

— நான் சொல்லல தங்கச்சி? கொஞ்சம் பொறுமையா இருந்தா எல்லாம் தானாச் சரியாகும். நீங்கதான் வீணாப் பதறிட்டீங்க.

— இருங்க, அவரு இன்னும் பேசுறாரு... ஆங், சொல்லுங்கண்ணே. எப்பிடி விட்டாங்க? யாரு வந்து சொன்னா?... தனியாவா?... எப்பப் போனாரு?... பெறகு?

— லாத்தா, யூனுசுக்குச் சொல்லுங்க மொதல்ல. பயந்து கெடப்பான் பாவம்.

— ஆமாடா. ரெண்டு நாளாச்சு அவன் கொரலக் கேட்டு... சுவிட்ச் ஆப்னே வருது. ஆப் பண்ணச் சொன்னதும் நான்தான். கூட இருக்கிற பையன் நம்பரு இருந்துச்சே, அதுல போட்டுப் பார்க்குறேன்.

— அக்கா, போன வைங்க.

— ஏம்மா? இப்ப எதுக்கு அழுகுற? அதான் விட்டுட்டாகளே.

— செருப்ப மாட்டுங்க, டாக்டரு இருக்கும்போதே போயி அந்தச் சீட்ட வாங்கிருவோம். 'மாத்திரை என்னோடது, அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு யூனுசு தம்பி தானாப் போயி நின்னுருக்காரு... இப்ப உள்ள இருக்கிறது உங்க மகன்க்கா.