வால் எங்க மாமா?

— வால் எங்க மாமா?

— யாருக்கு?

— விளையாடாதீங்க. இந்த அலைச்சறுக்குப் பலகைக்கு. அடியில தண்டு இருக்கு, தண்டு முனையில பெரிய இறக்கை இருக்கு. பின்னாடி இருந்த சின்ன இறக்கையைக் காணோமே.

— ஓ… அந்த வாலா. அது இருந்துதான் ஆகணுமா மாப்பிள்ளை?

— பலகை ஏன் ஈரமா இருக்கு? இறக்கை ஓரத்துல என்ன கீறல்?

— உக்காருங்க. காப்பி குடிச்சீங்களா?

— மாமா…

— சரி, சொல்லிடறேன். காலையில கடலுக்குப் போனேன்.

— நீங்களா? இதைத் தூக்கிட்டா?

— அலை ஒண்ணு வந்துச்சு பாருங்க, மூணு மாடி. காத்தை வாங்கற பாயைக் கையில பிடிச்சேன். காத்து அடிச்ச அடியில பலகை தண்ணிய விட்டுக் கிளம்பிடுச்சு. ஒரு முழம்… என்ன முழம், ஒரு ஆள் உயரம். சத்தமே இல்ல. கீழ மீனெல்லாம் அண்ணாந்து பாக்குது.

— மீன் அண்ணாந்து பாத்துச்சு.

— ரெண்டு வாயைக்கூடப் பொளந்துச்சு. அந்த நேரம் பாத்து ஒரு பாறை உரசி… வால் போச்சு.

— போனதும் குப்புற விழுந்திருப்பீங்களே. பலகை மூக்கு குத்தாமப் பிடிச்சு வைக்கறதே வால்தானே.

— யாருகிட்ட பேசறீங்க? முப்பது வருஷம் ரயில்ல கார்டு. வண்டியோட வால்லயே குடித்தனம் நடத்தினவன். வால் போனதும்தான் மாப்பிள்ளை, பலகை இன்னும் லேசாச்சு. திரும்புன்னு நெனைச்சாலே திரும்புது. கரையில நின்னவங்கல்லாம் கை தட்டறாங்க.

— எவ்வளவு தூரம்… வால் இல்லாம?

— கலங்கரை விளக்கம் வரைக்கும். திரும்பி வேற வந்தேன். என் பொண்ணுகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க.

— அவதானே மாமா நேத்தே சொன்னா. "எங்கப்பா சரியான வாலு. அந்தப் பலகையையே சுத்திச் சுத்தி வர்றார். எதையாவது கழட்டி ஒளிச்சு வைங்க"ன்னு.

— எதைக் கழட்டினீங்க?

— வாலை. என் அலமாரியில பத்திரமா இருக்கு. ஈரத்தைப் பாத்ததும், உங்க வாயாலயே வரட்டும்னுதான் கேட்டேன்.

— அலமாரியிலயா?

— புரியலையா மாமா? கிளம்பும்போதே வால் இல்ல. ஒத்தை இறக்கையிலயே போயிட்டு வந்திருக்கீங்க. வால் இல்லாமலே பலகை ஓடும்னு நிரூபிக்கத்தானே நான் தலைகீழா நின்னுட்டிருக்கேன். நாளைக்குப் பலகை வாங்கற கடைக்காரங்க வர்றாங்க. வால் இல்லாம யாராவது ஓட்டிக் காட்டினாதான் ஆர்டர். இல்லேன்னா என் பலகைப் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

— செஞ்சவர் நீங்க. நீங்களே ஓட்டிக் காட்டறதுதானே மாப்பிள்ளை மரியாதை.

— வெளிய சொல்லாதீங்க… நான் ஏறினா அடுத்த நொடி மூக்குல தண்ணி. இதுவரைக்கும் ஒரு தடவைகூட நின்னதில்ல. இருங்க, ஒரு போன்… ஹலோ, சார்? ஓட்டிக் காட்ட ஆள் கிடைச்சாச்சு. என் மாமனார். ஆமா சார், ரிட்டயர் ஆனவர்தான்… கலங்கரை விளக்கம் வரைக்கும். பேப்பர்க்காரங்களையும் கூட்டிட்டு வர்றீங்களா? தாராளமா.

— மாப்பிள்ளை, போனை வைக்கறதுக்கு முன்னாடி…

— வெச்சுட்டேன். ஏன் மாமா முகம் இப்படிப் போச்சு?

— கடலுக்கெல்லாம் போகல. சும்மா தூக்கிப் பாக்கலாம்னு மாடிப்படி எறங்கினேன். கை நழுவி உருண்டுடுச்சு. கீழ வந்து பாத்தா வாலைக் காணோம். நான்தான் ஒடைச்சுட்டேன்னு…

— அப்ப இந்த ஈரம்?

— படியில போட்டேன்னு சொல்றதைவிட கடல்ல போச்சுன்னா கொஞ்சம் கௌரவமா இருக்குமேன்னு… தோட்டத்துக் குழாயைத் திறந்து விட்டேன்.

— மாமா… நாளைக்குக் காலையில வர்றாங்க மாமா.

— அதைத்தான் யோசிக்கறேன். அதுக்குள்ள நீச்சல் கத்துக்க முடியுமா மாப்பிள்ளை?