ஆயுத பூஜை முடிஞ்ச முதல் பொறி

...வெல்டிங் மிஷின் மேல தப்பே இல்லக்கா! தப்பெல்லாம் உங்க வண்டி மேலதான். எந்தப் புண்ணியவான் செஞ்சு குடுத்தான் இந்தத் தள்ளுவண்டிய? இரும்பா இது? பிஸ்கெட் டப்பா! அதான் காலு ஒடிஞ்சுடுச்சு. ஸ்வல்ப இருங்க, இன்னொரு ராடு போட்டுப் பாக்கறேன்.

இந்த ஆதிகேசவன் அல்சூர்ல இருபது வருஷமா பத்தவெக்கிறான், பிரிஜெட்டக்கா. பாருங்க, தீக்குச்சி கிழிக்கிற மாதிரி லேசா உரசணும். பொறி வந்தவொடனே ஒரு நூலு... ஒரே ஒரு நூலு உசரம் தூக்கிடணும். தூக்கலன்னா ராடு ஒட்டிக்கும். ரொம்பத் தூக்கினா அணைஞ்சு போயிடும். எல்லாம் கைல இருக்கு! அதுலயும் இது டிசி மிஷினு. தொட்டா போதும், கப்புனு புடிச்சுக்கும்...

புடிக்கல. சரி. ஒரு பொறிகூட வரல. ஒட்டக்கூட மாட்டேங்குது சனியன்! மிஷின் மட்டும் உர்ருனு உறுமிக்கிட்டே கெடக்கு.

ராடு ஈரமாயிருக்கும். எல்லாம் எல்லம்மா வேலை! பூஜைக்குக் கடையக் கழுவறேன்னு குடம் குடமா ஊத்தினா. என் பொண்டாட்டிங்கறதுக்காக சொல்லாம இருப்பனா? இப்பகூட உங்க காதுல என்னமோ ஓதி, கைல எதையோ குடுத்துட்டுப் போனாளே, என்னவாம்? சொல்லமாட்டீங்க. நீங்கல்லாம் ஒரே கட்சி.

எதிர்க் கடைய ஏன்க்கா பாக்கறீங்க? வெங்கடசாமிகிட்டயா? ஐயையோ, வேணவே வேணாம்! பூஜை முடிஞ்சு இதுதான் எனக்கு முதல் வேலை. இதுவே கைமாறிப் போச்சுன்னா அடுத்த பூஜை வரைக்கும் நான் ஈ ஓட்டணும். நாலு மணிக்கு நீங்க தோசைக்கல்லு போட்டாகணும், தெரியும். போடுவீங்க. நம்புங்கக்கா.

அந்த வெங்கடசாமிக்கு பக்தி உண்டா? மிஷினுக்கு ஒரு பொட்டு, ஒரு முழம் பூ, முடிஞ்சுது. நான் பாருங்க! மிஷின், சுத்தியல், டேபிள், ஒண்ணு விடல. எல்லாத்துக்கும் மயில் பச்ச பெயிண்ட்டு, ரெண்டு கோட்டு! "கிளாம்புக்கு வேணாங்க"ன்னா எல்லம்மா. ஏன், அது மட்டும் ஆயுதம் இல்லியா? தோ, உங்க வண்டிய கவ்விக்கிட்டு நிக்குதே, அதான் எர்த்து கிளாம்பு. அது பல்லுக்கு நடுவுலகூட பிரஷ்ஷ விட்டு அடிச்சேன்!

என்னக்கா, தோசைக்கரண்டியத் தூக்கறீங்க? அடிச்சுடாதீங்க!... ஓ, கிளாம்பையா? அத ஏன் சுரண்டறீங்க? பெயிண்ட்டு போயிடும்க்கா... பச்ச பச்சயா உதிருது...

அட. அடச்சே. பல்லு முழுக்க பெயிண்ட்டு. இரும்பத் தொடவே இல்ல அது. கரண்டு எந்த வழியா வரும்? இருபது வருஷம்... வெக்கமாயிருக்குக்கா.

சரி, கண்ண மூடிக்குங்க. உரசறேன்... ஒரு நூலு... புடிச்சுடுச்சு! புடிச்சுடுச்சுக்கா! எப்படி நிக்குது பாருங்க... ஐயோ பாக்காதீங்க, பாக்காதீங்க, கண்ணு போயிடும்!

முடிஞ்சுது. யானை ஏறி நின்னாலும் அசையாது. நாலு மணிக்கு முதல் தோசை எனக்குத்தான். அக்கா... இந்த கிளாம்பு விஷயம் நமக்குள்ளயே இருக்கட்டும். முக்கியமா எல்லம்மாவுக்குத் தெரியவே கூடாது, மானம் போயிடும். ஏன்க்கா சிரிக்கறீங்க?

இருங்க... இருங்க. அந்தக் கரண்டியக் காட்டுங்க. புடியில செகப்புத் துணி சுத்தி...

இது எங்க வீட்டுக் கரண்டியாச்சே!