முற்றத்துக் கள்ளி

பொன்னம்மை: கூடைய எறக்கி வைக்கட்டா சார்? கை கடுக்கு.

நாகேஸ்வரன்: ஐயோ... வைங்கோ, வைங்கோ. இப்படி, படி மேலேயே வைங்கோ. பழவங்காடியிலேர்ந்து நடந்தா வந்தேள்?

பொன்னம்மை: வண்டிக்காரன் உங்க தெரு முக்குலயே நிப்பாட்டிட்டான். உள்ள வரமாட்டானாம். பிள்ளையத் தூக்குத மாதிரி தூக்கிட்டு வந்தேன்.

நாகேஸ்வரன்: சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே.

பொன்னம்மை: எங்க வந்தீங்க? எங்க வீட்டுக்காரரு அடக்கத்துக்கு வந்தவரு கல்லறைத் தோட்டத்துல இருந்து நேரா போயிட்டீங்க.

நாகேஸ்வரன்: அருமைநாயகம் இல்லாத வீட்டுக்குள்ளே... கால் வரலைம்மா. ஆபீஸ்லே பக்கத்து நாற்காலியைப் பார்த்தாலே...

பொன்னம்மை: செரி, செரி. கண்ணத் தொடைங்க. கூடைத் துணிய எடுத்து இந்தக் கள்ளியப் பாருங்க.

நாகேஸ்வரன்: அடடா... தொப்பி வச்சுடுத்தே!

பொன்னம்மை: வச்சிட்டு. அவரு காய்ச்சல்ல கெடக்கும்போ உச்சியில செவப்பா கம்பளி மாதிரி மொளைச்சுது. சாயங்காலமானா அதுக்குள்ள இருந்து பொடிப்பொடியா ரோஸ் பூ எட்டிப் பாக்கும். கட்டில சன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னாரு.

நாகேஸ்வரன்: பார்த்தாரா?

பொன்னம்மை: பாத்தாரு. 'ஐயரோட செடி எப்பமோ தொப்பி வச்சிருக்கும். நாம கண்ணு வச்சிருவோம்னு சொல்லாம இருக்காரு'ன்னு சிரிச்சாரு.

நாகேஸ்வரன்: அவர் சிரிப்பே தனி.

பொன்னம்மை: வச்சாச்சா உங்களுது?

நாகேஸ்வரன்: அது... வைக்கற சமயம்தான். நிக்கறேளே, மோர் கொண்டு வரட்டுமா?

பொன்னம்மை: மோர் பொறவு. இத உங்க செடி பக்கத்துல கொண்டு வைக்கணும். அவரு சொல்லிட்டுப் போனது. எங்க அண்ணன் வேதமாணிக்கம் கப்பல்ல சமையல்காரனா இருக்கும்போ, எங்கேயோ ஒரு தீவுல இருந்து மொளகாப்பழம் மாதிரி இதோட பழத்த...

நாகேஸ்வரன்: மறப்பேனா? அத்தனை விதை போட்டும் ரெண்டுதானே முளைச்சது. ஒண்ணை எங்கிட்டே நீட்டிண்டு, 'அந்தத் தீவுல எல்லாத்தையும் ஆடு தின்னுட்டாம் ஓய். இனிமே உம்ம வீட்டுலயும் என் வீட்டுலயும்தான்'னு குதிச்சார்.

பொன்னம்மை: எடவப்பாதி மழை வாறதுக்கு முன்னால ஓலை போட்டு மூடணும். ஆத்து மணலு, ஓட்டுச்சில்லு... இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லணுமா? கொஞ்சம் வெலகுங்க. முத்தத்துல நானே வச்சுத் தாறேன்.

நாகேஸ்வரன்: வேண்டாம்... இங்கேயே இருக்கட்டும். நான் அப்புறமா...

பொன்னம்மை: வேர் அசங்கப்பிடாது சார்.

நாகேஸ்வரன்: இல்லை... லலிதா ஆத்துலே இல்லை. பொறந்தாத்துக்குப் போயிருக்கா.

பொன்னம்மை: உள்ள பாத்திரம் தேய்க்க சத்தம் கேக்கே.

நாகேஸ்வரன்: அது... பக்கத்தாத்து சத்தம்.

பொன்னம்மை: கோயில் நடையே எல்லா சாதிக்கும் தொறந்தாச்சுன்னு ஊரே கொண்டாடிச்சு. நாங்க வேதக்காரங்க, கோயில் எங்களுக்கு வேண்டாம். கூட்டுக்காரன் வீட்டு வாசல் கூடவா வேண்டாம்?

நாகேஸ்வரன்: அப்படிச் சொல்லாதேங்கோ. அபசாரம்.

பொன்னம்மை: பின்ன எப்படிச் சொல்ல? ஞாயித்துக்கிழமை தவறாம எங்க வீட்டுக்கு வருவீங்க. கருப்பட்டிக் காப்பி குடிப்பீங்க. அவரு செடிய அளந்து பாப்பீங்க. ஒரு நாளாவது, 'ஓய், நம்ம வீட்டுக்கு வாரும், உம்ம செடியோட ஜோடியப் பாரும்'னு கூப்பிட்டீங்களா?

நாகேஸ்வரன்: அவர் கேட்டதே இல்லையே...

பொன்னம்மை: கேக்கமாட்டாரு. நான் கேப்பேன், ஏன் கூப்பிடல்லன்னு. 'அவங்க தெரு வழக்கம் அப்படி. அவரு நல்ல மனுஷன்'ம்பாரு. சொல்லிட்டு சுவரப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிடுவாரு.

நாகேஸ்வரன்: அப்படியா... நினைச்சிண்டிருந்தார்?

பொன்னம்மை: வேற எப்படி நினைக்க?

நாகேஸ்வரன்: வழக்கமும் இருந்தது. அப்பா இருந்தவரைக்கும். அதை மறைக்கலை. அப்பா போனப்புறம் எத்தனையோ தடவை கூப்பிட வாயெடுத்தேன்...

பொன்னம்மை: எடுத்த வாய யாரு மூடினா?

நாகேஸ்வரன்: உள்ளே வாங்கோ.

பொன்னம்மை: வேண்டாம் சார். நான் கேட்டதுக்காக ஒண்ணும் கூப்பிடண்டாம்.

நாகேஸ்வரன்: வாங்கோன்னா! வந்து பாருங்கோ. இதான் முத்தம். துளசி இருக்கு. கனகாம்பரம் இருக்கு. கள்ளி எங்கே? தேடுங்கோ.

பொன்னம்மை: எங்க?

நாகேஸ்வரன்: இல்லை. முதல் வருஷமே போயிடுத்து. துளசிக்கு ஜலம் விடறச்சே அதுக்கும் ஒரு உத்தரணி விட்டேன். தினமும். ஆசையிலே. மேலே பச்சையாத்தான் இருந்தது. ஒரு நாள் தொட்டேன்... கையோட வந்துடுத்து. அடியெல்லாம் கூழ்.

பொன்னம்மை: அப்போ, தேங்கா அளவு ஆச்சுன்னு சொன்னது... வரி வரியா முள்ளு கனத்துட்டுன்னு சொன்னது...

நாகேஸ்வரன்: உங்காத்துச் செடியை அளந்துண்டு போய், அடுத்த வாரம் அதையே என்னோடதுன்னு சொல்வேன். ஒரு விரல் கூட்டியே சொல்வேன். அவர் முகம் மலரும் பாருங்கோ... அதுக்கப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?

பொன்னம்மை: அதுக்காகவா அவர இந்தப் படியேத்தாம இருந்தீங்க?

நாகேஸ்வரன்: வந்தா முதல்லே செடியைன்னா கேப்பார்.

பொன்னம்மை: பாவி மனுஷா... ஒரு கள்ளிச்செடி! சொல்லியிருந்தா சிரிச்சிருப்பாரே சார். வயித்தப் பிடிச்சிட்டுல்லா சிரிச்சிருப்பாரு.

நாகேஸ்வரன்: தெரியறது. இப்போ தெரியறது. அவ்வளவு மனத்தாங்கலை வச்சுண்டும் இதை எனக்குக் குடுக்கச் சொல்லிட்டுப் போயிருக்காரே... எனக்கு யோக்யதை இல்லைம்மா. எடுத்துண்டு போயிடுங்கோ.

பொன்னம்மை: அவரு குடுக்கச் சொல்லல்ல சார். 'நான் போன பொறவு அந்த வாசல்ல மட்டும் போய் நிக்காதே'ன்னுதான் சொன்னாரு... நீங்க உள்ள கூப்பிடுதீங்களான்னு பாக்க, நான்தான் இதத் தூக்கிட்டு வந்தேன்.