வினைச்சொல் வரைக்கும்

தங்கை: நாளைக்கு... நாளைக்கு என்ன? அதுக்கப்புறம் என்ன டைப் அடிச்சேண்ணா?

அண்ணன்: இந்த.

தங்கை: இந்த? சரியாப் போச்சு! உன் தொண்டைக்குப் பதிலா ஸ்பீக்கரைப் பேச வெச்சா, அது ஒரே வார்த்தையில வாயை மூடிக்குது.

அண்ணன்: பழைய.

தங்கை: ஆமாமா, பழைய கம்ப்யூட்டர்ல முழுசாப் பேசுச்சு. ஆபரேஷன் முடிஞ்சு நீ வீட்டுக்கு வந்ததும் அதுக்குன்னு பார்த்துப் பார்த்து இந்தப் புரோகிராமை எழுதினேன். அந்தக் கம்ப்யூட்டர் உயிரை விட்டுடுச்சே, என்ன பண்றது?

அண்ணன்: சாய்கோடு மெதுவா.

தங்கை: ஐயோ, சிரிக்க வைக்காதே! மெதுவாப் பேசச் சொல்ல, சாய்கோடு போடுறது பழசுல. இங்க சின்னப் படுக்கைக் கோடு. பாரு, நீ போட்ட சாய்கோட்டையும் சேர்த்து வாய்விட்டுப் படிக்குது.

அண்ணன்: ஏன்?

தங்கை: இது வேற சிஸ்டம்ணா. பழசு, நீ அடிக்கிற வரியை அப்படியே என் புரோகிராம் கையில குடுத்துடும். இது இடைவெளி விட்ட இடமெல்லாம் நறுக்கி, துண்டு துண்டா நீட்டுது. என் புரோகிராம் முதல் துண்டை வாங்கிட்டுத் திரும்பிடுது.

அண்ணன்: அசடு.

தங்கை: யாரு, அதுவா நானா? இதான் கஷ்டமே! நம்ம பேச்சுல வினைச்சொல் கடைசியிலதானே வருது. அதுக்குள்ள இது கடையைச் சாத்திடுது.

அண்ணன்: உன்.

தங்கை: என் வேலையா? காலையில பஸ். நாளைக்குச் சேரலேன்னா அந்த இடம் வேற யாருக்கோ. போகட்டும்... உன்னை இப்படி அரைவாயோட விட்டுட்டு நான் கிளம்புறதா இல்ல.

அண்ணன்: நீ.

தங்கை: நீ இருன்னா, நீ போன்னா? திரையைக் காட்டு.

அண்ணன்: மாட்டேன்.

தங்கை: அடம்! இப்படிக் குடு... சரி. துண்டையெல்லாம் வரிசையா ஒட்டச் சொல்லிட்டேன். இப்ப அடி... என்ன, விரலை வெச்சுக்கிட்டு யோசனை? அடிண்ணா.

அண்ணன்: வரியை மேற்கோள் குறிக்குள்ள போட்டா நறுக்காதுன்னு, இந்தக் கம்ப்யூட்டர் வந்த அன்னிக்கே கண்டுபிடிச்சுட்டேன். முழுசாப் பேசினா நீ போயிடுவேன்னுதான் சொல்லல. தப்புதான். காலையில கிளம்புடா.

தங்கை: ... இப்ப துண்டையெல்லாம் ஒட்டச் சொன்னேனே, புரோகிராம்ல அந்த ஒரு வரி... அதை நானும் அன்னிக்கே எழுதிட்டேண்ணா. சேர்த்தா நான் பஸ் ஏறணுமேன்னுதான் சேர்க்காம வெச்சிருந்தேன்.