ஐம்பத்தாறுக்குக் கீழே இறங்காத முள்

இந்த நாற்காலியின் ஒரு கால் மூன்று மில்லிமீட்டர் குட்டை, சார். குறையாகச் சொல்லவில்லை, அளந்து பார்ப்பது என் பிறவிக் குணம். வீட்டில் எனக்கு 'அளவுகோல்' என்றே பெயர்.

தொலைக்காட்சிப் படம் நிலையத்திலிருந்து மலை உச்சிக் கோபுரத்துக்கு எவ்வளவு சுத்தமாகப் போகிறது என்று அளந்து சான்று கொடுப்பது என் வேலை. புது இணைப்பு என்றால் எட்டு மணி நேரம் விடாமல் அளக்க வேண்டும். மீட்டர் முள் ஒரு நொடி ஐம்பத்தாறுக்குக் கீழே இறங்கினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த நிபந்தனையை எழுதியவனே நான்தான்.

மலை மேலே தனியாக இருந்தவன் என் மச்சினன். தங்கமான பிள்ளை, ஆனால் வாய் ஓயாது. அவனுக்குக் கொடுத்த போனும் அதே இணைப்பில்தான் வரும்; அவன் பேசப் பேச முள் இறங்கும். வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்த கதைதான். முதல் நாள் ஆறாவது மணியில் கூப்பிட்டு, குடையைக் காணோம் என்றான். மறுநாள் ஏழாவது மணியில் கூப்பிட்டு, குடை கிடைத்துவிட்டது என்றான். நானே சிரித்துவிட்டேன். கோபமெல்லாம் இல்லை, சார்.

மூன்றாம் நாள் ஏழு மணி நேரம் முள் அறுபதை விட்டு நகரவில்லை. எனக்குப் பாட்டே வந்துவிட்டது. அப்போது கூப்பிட்டான்.

"அத்தான், நெஞ்சை அடைக்குது. டாக்டரை அனுப்புங்க."

முள் ஐம்பத்தேழுக்கு வந்தது. இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் மூன்று நாள் உழைப்பும் மண். அதனால் அவன் போன் இணைப்பைப் பிடுங்கினேன். முள் சமர்த்தாக மேலே ஏறியது.

மேசையில் வேறொரு போன் இருந்தது, மறைக்கவில்லை. டாக்டர் இருபது நிமிடத் தூரத்தில்தான் இருந்தார். ஆனால் அவர் மேலே போய் எதையாவது தொட்டுவைத்தால்?

எட்டு மணி நேரம் முடிந்ததும் சான்றில் கையெழுத்துப் போட்டேன். பிறகு டாக்டரைக் கூப்பிட்டேன். மேலே போய்ப் பார்த்துவிட்டு, அரை மணி முன்னால் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பான் என்றார். நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் அளக்காமல் குத்துமதிப்பாகச் சொல்கிறார்.

என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"தம்பி கடைசியா ஏதாவது பேசினானா?"

லைன் சரியில்லை, ஒன்றும் கேட்கவில்லை என்றேன். அந்தப் பொய் ஒன்றுதான் என்னை உறுத்துகிறது, சார். அன்றைக்கு லைன் அவ்வளவு நன்றாக இருந்தது.